கடல் கடந்த நிலமும் ஒற்றி முறியும்: பர்மாவில் தமிழர் நிலவுரிமை பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

அயல்நாட்டில் வீடும் நிலமும் வாங்குதல் அண்மைக் காலத்தில் தோன்றிய வழக்கம் என்று கருதுவோர் பலர். தமிழர் வரலாற்றைப் பொறுத்தவரை அக்கருத்துப் பொருந்தாது. கடல் கடந்து சென்ற தமிழ் வணிகர், சென்ற இடத்து நிலத்தையும் மனையையும் கடனுக்கு ஈடாகப் பெற்றனர். ஈடாகப் பெற்றவை நாளடைவில் உடைமையாயின. உடைமையானவை பின்னர்க் கைந்நழுவிப் போயின. இவை மூன்றும் ஒரு நூற்றாண்டிற்குள் நிகழ்ந்து முடிந்தன. இவ்வரலாறு மிகத் தெளிவாகப் புலப்படும் நாடு பர்மா.

பர்மாவில் செட்டிநாட்டு வணிகர் நிலம் பெற்றதையும் இழந்ததையும் பற்றி இருவகை விளக்கங்கள் வழங்குகின்றன. கடன் கொடுத்தோரின் பேராசையே எல்லாவற்றிற்கும் காரணம் என்பது ஒன்று. உழைத்துச் சேர்த்த செல்வத்தை இனப்பகையால் பறித்துக்கொண்டனர் என்பது மற்றொன்று. முன்னது பர்மிய நூல்களிலும், பின்னது நம் நாட்டுப் பேச்சு வழக்கிலும் மிகுதியாகக் காணப்படும். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், நிலத்தைக் கைமாற்றிய முறியின் தன்மை யாது, அம்முறிக்கு உயிர் கொடுத்த சட்டம் எந்நாட்டது என்னும் வினாக்களை இரண்டுமே எழுப்பவில்லை. அவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

கடனுக்குப் பொறுப்பாகப் பொருளையோ நிலத்தையோ வைத்தலைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. ஒற்றி, ஈடு, அடகு, அடைமானம், கொதுவை, போக்கியம் என்பன அவற்றுட் சில. இவற்றை ஒரு பொருட் பன்மொழி எனக் கொள்ளுதல் தவறாகும். அடகு நகை முதலிய கைப்பொருளுக்கு உரியது. ஒற்றியும் போக்கியமும் நிலத்திற்கும் வீட்டிற்கும் உரியன. ஒற்றி வைத்தவுடன் நிலம் கடன் கொடுத்தவன் கைக்குப் போகும். விளைவை அவன் நுகர்வான். அவ்விளைவே வட்டிக்கு ஈடாகும். முதற்பொருளைத் திருப்பிக் கொடுத்த நாளில் நிலம் உரியவனிடம் மீளும். ஒற்றிக்கு வீடு எடுத்தல் என்னும் வழக்கு இன்றும் தமிழ்நாட்டு நகரங்களில் இப்பொருளிலேயே வழங்குகிறது.

ஒற்றியின் இலக்கணத்தை எழுத்து வடிவில் காண விழைவோர்க்கு யாழ்ப்பாணத்துத் தேசவழமை பெரிதும் துணை செய்யும். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் கிளாசு ஐசாக்சு என்னும் அதிகாரியால் தொகுக்கப்பட்டு, கி.பி. 1707-இல் சட்ட ஏற்புப் பெற்ற அத்தொகுப்பு, ஒற்றியைத் தனிப் பகுதியாகவே விளக்குகிறது. வட்டிக்குப் பதிலாக விளைவை நுகரும் முறையை அது கூறுகிறது. மீட்கும் காலத்தைப் பயிர்க் காலத்தோடு பொருத்துகிறது. நிலம் விற்கப்படுமாயின் பங்காளிகளுக்கும் ஒற்றி பிடித்தவர்க்கும் முன்வாங்கும் உரிமை உண்டு என்றும் குறிக்கிறது. இதனால் அறியப்படுவது யாது? ஒற்றியில் நிலம் கைமாறும், உரிமை மாறாது. கடன் கொடுத்தவன் நிலத்தைத் தன் கண்ணால் கண்டு, தன் கையால் ஆண்டு, பின்னர் மீட்டுக் கொடுப்பவன். ஊரறிய நிகழும் செயலாதலின் அதில் மறைவுக்கு இடமில்லை.

ஆங்கிலச் சட்டத்தின் வழி வந்த அடைமானமோ இதற்கு நேர்மாறானது. ஈண்டு நிலம் கைமாறுவதில்லை. கடன் வாங்கியவனே அதை உழுது வருவான். மாறுவது தாளின் மீதுள்ள உரிமை. தவணை தவறின் நீதிமன்றத்தின் வழியாக நிலம் ஏலத்திற்கு வரும். ஒற்றியில் தவறியவன் நிலத்தின் பயனை மட்டும் இழந்து நிற்பான். அடைமானத்தில் தவறியவன் நிலத்தையே இழப்பான். இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டால் பர்மாவில் நிகழ்ந்தது எளிதில் விளங்கும்.

2. பர்மிய வழக்கு

ஆங்கிலேயர் வருகைக்கு முன்னர்ப் பர்மிய நாட்டில் நிலத்தைக் கடனுக்கு ஈடாக வைக்கும் வழக்கம் இல்லை என்று கூறுதல் பிழை. கொன்பவுங் அரசர் காலத்தைச் சேர்ந்த கடன் முறிகள் பல கிடைத்துள்ளன. அவை பர்மிய மொழியில் தெட்கயிட் எனப்படும். அவற்றை நோக்கின், நிலத்தை ஈடாகக் கொடுத்தவர் அதன் அனுபோகத்தைக் கடன் கொடுத்தவர்க்கு விட்டுக்கொடுப்பதும், பொருள் கிட்டிய காலத்தில் தாமோ தம் வழித்தோன்றல்களோ மீட்டுக்கொள்வதும் வழக்கமாயிருந்தமை தெரியவருகிறது. முன்னோர் வழி வந்த நிலத்தை மீளா விலைக்கு விற்றல் அரிது. விற்பனை எனப் பெயர் பெற்றதும் பலவிடத்து மீட்கத்தக்க ஈடாகவே கருதப்பட்டது.

இதுவும் நம் ஒற்றியும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது வெளிப்படை. எனவே, தமிழ் வணிகனும் பர்மிய உழவனும் தத்தம் முன்னோர் வழக்கையே பின்பற்றி ஒப்பந்தம் செய்திருப்பின், ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டிருப்பர். வரலாறு அவ்வாறு நடக்கவில்லை. இருவருக்கும் புதியதாகிய ஒரு மூன்றாம் முறியே இருவரையும் பிணைத்தது.

3. புதிய சட்டத்தின் வருகை

கி.பி. 1826-இல் அரக்கானும் தெனாசரிமும் ஆங்கிலேயர் வசமாயின. 1852-இல் கீழ்ப் பர்மாவின் எஞ்சிய பகுதியும், 1885-இல் மேல் பர்மாவும் அவர்கள் ஆட்சிக்கு உட்பட்டன. பர்மா முழுவதும் இந்தியப் பேரரசின் ஒரு மாகாணமாயிற்று. 1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பியச் சந்தைக்குப் பர்மிய அரிசி செல்லும் வழி சுருங்கியது. ஐராவதியின் கழிமுகத்துக் காடும் சதுப்பும் கழனியாகத் தொடங்கின. 1850-களில் பத்து இலட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த கீழ்ப் பர்மாவின் நெல் நிலம் 1930-களில் எண்பது இலட்சம் ஏக்கரைக் கடந்தது. மேல் பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்களே அக்காட்டை வெட்டித் திருத்தினர். அவர்களுக்கு எருதும் விதையும் கூலியும் உணவும் வேண்டியிருந்தன. அதற்குப் பணம் வேண்டும். பணத்திற்கு ஈடு வேண்டும். ஈட்டிற்கு உரிமை வேண்டும்.

அவ்வுரிமையை வகுத்தது 1876-ஆம் ஆண்டுக் கீழ்ப் பர்மா நிலவருவாய்ச் சட்டம். ஒருவர் ஒரு நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் இடையறாது ஆண்டு, வரியும் செலுத்தி வருவாராயின், அவர்க்கு அந்நிலத்தின் மீது வழிவழி நிற்பதும் பிறர்க்கு மாற்றத்தக்கதுமாகிய உரிமை உண்டாகும் என்பது அதன் விதி. உழவனுக்கு நன்மை செய்யும் விதியே அது. ஆயினும் அதன் உள்ளே ஓர் இடர் மறைந்திருந்தது. காடு வெட்டிய முதல் ஆண்டிலேயே கடன் தேவை; உரிமை கிட்டுவதோ பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின். இடைப்பட்ட காலத்தில் கடன் வாங்கியவன் ஈடாகக் கொடுத்தது உரிமையை அன்று, உரிமை வரும் என்னும் எதிர்பார்ப்பை. அவன் நடுவில் தவறினால் கடன் கொடுத்தவனிடம் எஞ்சுவது அனுபோகம் ஒன்றே. விற்பவன் கையில் உள்ளது முழு உரிமையா, பாதி வழியில் நிற்கும் உரிமையா என ஆராயாமல் நிலம் வாங்கும் இடர் அன்றே தோன்றிவிட்டது.

இரண்டாவது இடர் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் வழி வந்தது. அச்சட்டம் முதலில் பர்மாவிற்கு நீட்டிக்கப்படாமல் பின்னரே நீட்டிக்கப்பட்டது. அதன்படி, சில குறிப்பிட்ட நகரங்களில் உரிமைப் பத்திரங்களைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே அடைமானம் முற்றுப்பெறும். தனி முறி எழுத வேண்டுவதில்லை, பதிவும் வேண்டுவதில்லை. சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகியவற்றோடு இரங்கூன், மோல்மீன், பாசீன், அக்கியாபு என்னும் பர்மியத் துறைமுகங்களும் அந்நகரங்களின் வரிசையில் இடம்பெற்றன. பத்திரம் கைமாறும் இடம் அந்நகரமாக இருத்தல் போதும். நிலம் எங்கிருந்தாலும் தடையில்லை. எனவே கழிமுகத்து ஊரில் கிடக்கும் வயல் இரங்கூன் நகரத்துக் கிட்டங்கி ஒன்றின் இரும்புப் பெட்டிக்குள் கட்டுண்டு கிடத்தல் கூடும். பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பவனுக்கு அந்த வில்லங்கம் தென்படாது. ஊரறிய நிகழ்ந்த ஒற்றிக்கும், ஊரறியாமல் நிகழ்ந்த இவ்வடைமானத்திற்கும் உள்ள தொலைவு பெரிது.

4. செட்டிநாட்டு முதலும் கடன் தொடரும்

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1850-களிலேயே மோல்மீனிலும் இரங்கூனிலும் தொழில் தொடங்கினர். அவர்தம் தொழில் அமைப்பு வரலாற்று ஆசிரியர்களால் வியந்து போற்றப்படுவது. உரிமையாளர் ஊரில் இருக்க, மேலாள் மூன்றாண்டுத் தவணைக்கு அக்கரை சென்று கடையை நடத்துவார். அவர்க்குக் கீழ் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் இருப்பர். உரிமையாளர் இட்ட பணம் முதற்பணம். பிறர் நம்பி வைத்த வைப்பு மேம்பணம். குடும்பத்துப் பெண்டிரின் சீர்ப்பணம் ஆச்சிமார் பணம். தமக்குள் கொடுத்து வாங்கும் பணத்திற்குரிய நடப்பு வட்டியை இரங்கூன் மொகல் தெருவில் கூடி மாதந்தோறும் உறுதி செய்தனர். தமிழில் வங்கித் தொழிற் கலைச்சொற்களைத் தொகுக்க விரும்புவோர் இவ்வழக்குகளைப் புறக்கணித்தல் ஆகாது.

1929-30-ஆம் ஆண்டுகளில் ஆய்வு நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவற்றின் வழி இயங்கிய பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி உழவுத் தொழிலுக்குச் சென்றது. உள்ளூர்க் கடன்காரர் வாங்கிய வட்டியினும் செட்டியார் வாங்கிய வட்டி பொதுவாகக் குறைவே என்பதும் அக்காலத்து ஆவணங்களால் பெறப்படும். பர்மிய உழவுப் பொருளாதாரம் இப்பணமின்றி அவ்வளவு விரைவில் வளர்ந்திராது என்பதில் ஐயமில்லை.

இங்கு ஒரு வினா எழும். ஊரில் ஒற்றியை நன்கு அறிந்தவர்கள் பர்மாவில் ஏன் அதனைப் பெரிதும் கையாளவில்லை? விடை தொழிலின் இயல்பிலேயே உள்ளது. ஒற்றி பிடித்தவன் நிலத்தைப் பயிரிட வேண்டும், அல்லது பயிரிடுவிக்க வேண்டும். மூன்றாண்டுத் தவணையில் வந்து திரும்பும் மேலாளுக்கு அது இயலாது. முதலை முடக்காமல் சுழற்றுதலே அவன் கடமை. நிலம் அவனுக்கு வேண்டாம்; நிலத்தின் மீதுள்ள பிடி மட்டும் வேண்டும். ஆங்கில அடைமானம் அப்பிடியைத் தந்தது. எனவே அதனை அவன் ஏற்றான். தான் விரும்பாத நிலத்தைத் தன் தலைமேல் சுமத்தும் வல்லமை அம்முறிக்கு உண்டு என்பதைப் பொருள் விலை உயர்ந்த காலத்தில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

5. விலை வீழ்ச்சியும் நிலக் குவிப்பும்

1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சி பர்மாவை நெல் விலையின் வழியாகத் தாக்கியது. சில ஆண்டுகளுக்குள் நெல்லின் விலை முன்னிருந்ததிற் பாதிக்கும் கீழே இறங்கிற்று. உழவனுடைய வருவாய் நெல்லில். அவன் கடனோ ரூபாயில். நெல் விலை பாதியானபோது, கடன் தொகை எழுத்தில் மாறாமல் இருந்தும், அதனைத் தீர்க்க வேண்டிய நெல் இருமடங்காயிற்று. வருவாய் ஓர் அளவையிலும் கடன் பிறிதோர் அளவையிலும் இருத்தலால் வரும் இவ்விடர் வீட்டுக் கடனிலும் அவ்வாறே வரும். 2008-க்கு முன் ஹங்கேரி நாட்டில் சுவிசு பிராங்கு நாணயத்தில் கடன் பெற்று வீடு வாங்கியவர்கள், தம் நாட்டு நாணயம் மதிப்பிழந்தபோது இதே நிலையை அடைந்தனர்.

கடன் நின்றது. செட்டியார் கடைகளுக்கும் ஊரில் வைப்பு வைத்தோர், ஐரோப்பிய வங்கிகள் ஆகியோரிடமிருந்து நெருக்கடி வந்தது. நீதிமன்ற ஏலத்தின் வழியாகவும், கடனுக்கு ஈடாகக் கிரையம் எழுதிக் கொடுத்தல் வழியாகவும் நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் விளை மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930-இல் செட்டியார் வசமிருந்த நிலம் ஏறத்தாழ 5,70,000 ஏக்கர். அது மொத்தத்தில் நூற்றுக்கு 6 பங்கு. 1937-இல் அது 24,46,000 ஏக்கராகி நூற்றுக்கு 25 பங்காயிற்று. ஏழே ஆண்டுகளில் நான்கு மடங்குக்கு மேல் பெருகிய இக்கணக்கையே பேராசைக்குச் சான்றாகக் காட்டுவர்.

கணக்கை மீண்டும் நோக்குவோம். விலை உயர்ந்து, பணம் தாராளமாகப் புழங்கிய எண்பது ஆண்டுக் காலத்தில் அவர்கள் சேர்த்த நிலம் நூற்றுக்கு ஆறு. விலை வீழ்ந்து, நிலத்தை வாங்குவார் இல்லாத ஏழாண்டுக் காலத்தில் சேர்ந்தது நூற்றுக்குப் பத்தொன்பது. நிலத்தின் மீது வேட்கை கொண்டவன் வளமான காலத்தில் வாங்காமல் வறண்ட காலத்தில் வாங்கியிருப்பானா? அவர்கள் நிலத்தை வாங்கினர் என்பதினும், நிலம் அவர்கள் மேல் வீழ்ந்தது என்பதே பொருந்தும். எனினும் இதனால் உழவனின் துயர் சிறிதும் குறையாது. தன் தந்தை காடு வெட்டித் திருத்திய வயலில் அவனே குத்தகைக்காரனாக நின்றான். அவன் அறிந்த பழைய வழக்கில் ஈடு வைத்த நிலம் என்றேனும் மீளும். புதிய முறியிலோ ஏலம் முடிந்தபின் மீட்சி இல்லை. 1930 டிசம்பரில் தொடங்கி 1932 வரை நீடித்த சாயா சான் கிளர்ச்சியின் வேர்களுள் இந்நிலை ஒன்றாகும். ஒருவர் வாங்க விரும்பாமல் பெற்றார். மற்றவர் விற்க விரும்பாமல் இழந்தார். இடையில் நின்ற முறி இருவர் வழக்குக்கும் உரியதன்று.

6. நிலம் அயலானமை

இதுவரை கூறியவை அடைமானத்தின் இடர். இனிக் கூறுவது நாட்டெல்லையின் இடர்.

செட்டியார்கள் கடன் கொடுத்த காலத்தில் பர்மா அவர்களுக்கு அயல்நாடு அன்று. ஒரே பேரரசின் மாகாணம், ஒரே ரூபாய், பெரும்பாலும் ஒரே சட்டத் தொகுதி. சென்னையிலிருந்து இரங்கூனுக்குக் கப்பலேறியவர் எல்லை கடந்ததாக எண்ணவில்லை. 1935-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் வழி, 1937 ஏப்ரல் முதல் நாளில் பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்டது. நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது, உடையவரும் மாறவில்லை, நடுவில் ஒரு கோடு வீழ்ந்தது. அவர்கள் அயல்நாட்டில் நிலம் வாங்கவில்லை. வாங்கிய நிலம் அயல்நாடாயிற்று. நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு என்னும் உச்சத்தை அவர்தம் நிலவுடைமை எட்டிய அதே ஆண்டில் இப்பிரிவினையும் நிகழ்ந்தமை கருதற்பாலது.

அசையாச் சொத்தின் உரிமையை அது கிடக்கும் நாட்டின் சட்டமே முடிவு செய்யும் என்பது உலகம் ஒப்பிய நெறி. அயல்நாட்டு நிலத்தின் உரிமை பற்றிய வழக்கை ஆங்கில நீதிமன்றம் ஏற்காது என்று 1893-இல் மொசாம்பிக் வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் நாட்டு 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டமும் நிலம் இருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே நிலவழக்கைத் தொடுக்குமாறு விதிக்கிறது. எனவே பிரிவினைக்குப் பின் கழிமுகத்து நிலத்திற்குக் காவல், பர்மியச் சட்டமன்றம் இயற்றும் சட்டம் ஒன்றே. அச்சட்டமன்றமோ நிலமிழந்த உழவரின் வாக்கால் அமைந்தது.

விளைவுகள் விரைந்து வந்தன. 1939-இல் குத்தகைச் சட்டமும், 1941-இல் உழவரல்லாதார்க்கு நிலம் மாறுதலைத் தடுக்கும் சட்டமும், அரசு நிலம் வாங்கி உழவர்க்குப் பகிரும் சட்டமும் இயற்றப்பட்டன. 1942-இல் சப்பானியப் படையெடுப்பால் இந்தியர் பல இலட்சம் பேர் நாடு திரும்பினர். வெ. சாமிநாத சர்மா கால்நடையாகத் திரும்பிய அவ்வழிப் பயணத்தைத் தம் நூலில் பதிந்துள்ளார். 1947-இல் இயற்றப்பட்ட அசையாச் சொத்து மாற்றத் தடைச் சட்டம், அயல்நாட்டார்க்கு நிலமும் வீடும் விற்பதையும் ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுவதையும் தடுத்தது. அதே ஆண்டின் அரசியலமைப்பு, நிலம் அனைத்திற்கும் இறுதி உரிமையாளர் அரசே என்று கூறிற்று. 1948 சனவரி 4-இல் விடுதலை பெற்ற பர்மா, அவ்வாண்டிலேயே நில நாட்டுடைமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தாமே உழுவோர்க்கு ஐம்பது ஏக்கர் வரை விலக்கு அளிக்கப்பட்டது. உழாத உடைமையாளர்க்கு விலக்கில்லை. இழப்பீடும் சந்தை விலையால் அன்றி நிலவரியின் மடங்குகளால் கணக்கிடப்பட்டது. 1962-இல் படைத்துறை ஆட்சி வந்தபின், 1963-இல் வங்கிகளும் 1964-இல் கடைகளும் அரசுடைமையாயின. கையிருப்பு நோட்டுகளிற் பெரியனவும் 1964-இல் செல்லாவாயின. திரும்பியோர்க்கு நம் அரசு குடியிருப்புகளை அமைத்தது. சென்னைப் பர்மா பசார் அவர்தம் வாழ்வுத் தேட்டத்தின் நினைவாக இன்றும் நிற்கிறது.

இவை அனைத்தும் சட்டப்படியே நிகழ்ந்தன என்பதே ஈண்டு நாம் வற்புறுத்த விரும்புவது. நிலத்தைத் தந்ததும் சட்டம், எடுத்ததும் சட்டம். முன்னதை இயற்றியவர் ஒருவர். பின்னதை இயற்றியவர் பிறிதொருவர்.

7. மலாயாவோடு ஓர் ஒப்பீடு

இதே வணிகர் இதே காலத்தில் மலாயாவிலும் கடன் கொடுத்தனர். அங்கு விளைவு இத்துணைக் கடுமையாக அமையவில்லை. காரணங்கள் பல. அவற்றுள் சட்டம் பற்றியவை இரண்டு.

முதலாவது, மலாய் நாடுகளில் ஆத்திரேலிய முறையைத் தழுவிய நிலப்பதிவு நிலைபெற்றது. அம்முறையில் உரிமை பத்திரத்தில் இல்லை, அரசின் பதிவேட்டில் உள்ளது. உரிமைச் சீட்டை ஒப்படைத்துக் கடன் பெறும் செட்டியார் வழக்கத்தை அச்சட்டம் விலக்கவில்லை. ஆனால் கடன் கொடுத்தவர் பதிவேட்டில் தடைக்குறிப்பு எழுதுவித்தால்தான் அவர் பிடி செல்லும். மறைவாக இருந்த வில்லங்கம் அங்கு வெளிப்படையாயிற்று. இரண்டாவது, 1913-ஆம் ஆண்டிலேயே மலாயர் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்துவிட்டது. 1933-இல் அது திருத்தப்பட்டு, ஒதுக்கீட்டு நிலத்தைப் பிறர்க்கு ஈடு வைத்தலும் தடுக்கப்பட்டது. வணிகர் அதனை அன்று எதிர்த்தனர். ஆயினும், கொடுப்பதற்கு முன் தடுக்கும் சட்டம் கொடுத்த பின் பறிக்கும் சட்டத்தினும் இருதிறத்தார்க்கும் நன்று என்பதனைப் பர்மாவோடு ஒப்பிடுங்கால் உணரலாம்.

8. மனிதர் அயலானமை

பர்மாவில் நிலம் அயலாயிற்று. யாழ்ப்பாணத்தில் இதன் மறுதலையைக் காண்கிறோம். அங்கு நிலம் இருந்தபடி இருக்க, மனிதர் அயலாயினர். உள்நாட்டுப் போரின் விளைவாகப் பல நாடுகளுக்குச் சென்று அந்நாட்டுக் குடியுரிமை பெற்றோர், இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்காவிடின் தம் பிறந்த ஊரில் சட்டத்தின் கண்ணுக்கு அயல்நாட்டாரே. 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் சட்டம் அயல்நாட்டார்க்கு நிலவுரிமை மாறுதலைத் தடுத்தது. இரட்டைக் குடியுரிமையுடையார்க்கும், மரபுவழி உரிமை பெறுவார்க்கும், அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கும் விலக்களித்தது. அவ்விலக்குகளுக்குள் அடங்காதார், பாட்டனார் வளவுக்கு அடுத்த வளவை விலைகொள்ள முற்பட்டால், சட்டம் குறுக்கே நிற்கும். குடியுரிமைத் தடை இல்லாதவரும் தேசவழமையை மறத்தலாகாது. அதன் முன்வாங்கும் உரிமையை 1947-இல் தனிச் சட்டம் ஒன்று வரையறுத்தது. பங்காளிக்கு அறிவிக்காமல் செய்த விற்பனை வழக்கிற்கு உள்ளாகும்.

பாக்கு நீரிணைக்கு இப்பாலும் தடை உண்டு. 2019-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி விதிகளின்படி, இலங்கைக் குடிமக்கள் இந்திய ரிசர்வ் வங்கியின் முன் இசைவின்றி இங்கு வீடு வாங்குதல் இயலாது. குறுகிய காலக் குத்தகை மட்டும் கொள்ளலாம். பிறநாட்டுக் குடிகளாகிவிட்ட இந்திய வம்சாவளியினர் கடல்கடந்த இந்தியக் குடிமகன் என்னும் தகுதி பெற்றால் வீடு வாங்கலாம். விளைநிலமும் தோட்ட நிலமும் வாங்குதல் கூடாது. பர்மாவிலும் 1947-ஆம் ஆண்டுத் தடை 1987-இல் புதுச் சட்டமாக மீண்டும் வந்தது. 2016-ஆம் ஆண்டு அடுக்குமாடி வீட்டுச் சட்டமே அயல்நாட்டார்க்கு ஒரு கட்டடத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை வீடு கொள்ளும் வாயிலைத் திறந்தது. வயலில் தொடங்கிய அச்சம் எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் வீட்டின் வாயிலில் நிற்கிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் மூன்று.

ஒன்று, பர்மாவில் நிகழ்ந்த நில இழப்பை இனப்பண்பால் விளக்குதல் போதாது. ஒற்றியும் தெட்கயிட்டும் அறிந்த இரு சமுதாயங்களுக்கு இடையே, மீட்சியைத் தாளாலும் தவணையாலும் வரையறுத்த ஒரு முறி புகுந்தமை அதன் முதற் காரணம்.

இரண்டு, அயல்நாட்டு நிலத்தில் ஒருவன் பெறுவது நிலத்தை அன்று. அந்நாட்டுச் சட்டம் தரும் வாக்குறுதியை. அவ்வாக்குறுதி அதனைத் தந்த அரசின் ஆயுளையும் அந்நாட்டு மக்களின் இசைவையும் பொறுத்தது. இசைவில்லா உரிமை பதிவேட்டில் எத்துணை உறுதியாக எழுதப்பட்டிருந்தாலும் நிலையாது. எனவே, இன்று அயல்நாட்டில் வீடு வாங்க விழைவோர் விலையைக் கேட்குமுன் மூன்றனை ஆராய்தல் கடன்: விற்பவனிடம் உள்ளது முழு உரிமையா என்பது, பதிவேட்டில் தெரியாத வில்லங்கம் உண்டா என்பது, தம்மை அந்நாட்டுச் சட்டம் எவ்வினத்திற் சேர்க்கிறது என்பது. வீட்டுக் கடன் பெறுவோர் நான்காவதாக, தம் வருவாயும் கடனும் ஒரே நாணயத்தில் உள்ளனவா என்பதையும் நோக்குக.

மூன்று, இத்துறையில் தமிழ் ஆய்வாளர்க்குப் பணி மிகுதியும் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கால் ஆன தூண்கள் நிற்கின்றன. அத்தூண்களை விலைகொண்ட பணத்தின் கணக்கோ பழைய பேரேடுகளிலும் கடிதங்களிலும் அடைமான முறிகளிலும் கிடக்கிறது. அவை நம் மொழியில் எழுதப்பட்டவை. நம் கலைச்சொற்களால் ஆனவை. ஆண்டுதோறும் செல்லுக்கும் கரையானுக்கும் இரையாகி வருபவை. இதுவரை பர்மிய நில வரலாறு பெரும்பாலும் ஆங்கில அரசின் அறிக்கைகளைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. உழவனின் தெட்கயிட் முறியையும் வணிகனின் பேரேட்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் நாளில்தான் அவ்வரலாறு முழுமை பெறும். பேரேடுகளைத் தேடித் தொகுத்தல் தமிழ்த் துறைகளின் உடனடிக் கடமை என்று கூறி இக்கட்டுரையை முடிக்கின்றோம்.